மோட்டார் வீட்டுக்கு மவுசு குறைகிறதா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போவது நம் வழக்கம். வீட்டையே ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போவது அமெரிக்கர் பலரின் வழக்கம். படுக்கை, சமையல் மேடை, குளிர்ப்பெட்டி, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி ஆகிய அத்தனையும் ஒரே வண்டிக்குள் அடங்கி, அவ்வண்டி தன் எஞ்சினால் தானே ஓடுமாயின் அதனை மோட்டார் வீடு என்கிறார்கள். திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் 'கேரவன்' நம்மூரில் அனைவரும் அறிந்ததே. ஆனால் அது படப்பிடிப்புத் தளத்தில் வந்து நிற்கும் ஓர் அறை. மோட்டார் வீடோ ஒரு குடும்பம் நாள்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், குடியிருக்கும் இல்லம். இதற்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு. எஞ்சின் இல்லாமல் சக்கரம் மட்டும் பூட்டி, காரின் பின்னாலோ பிக்-அப் வண்டியின் பின்னாலோ கட்டி இழுத்துச் செல்லப்படுவது அது. அதனை இக்கட்டுரையில் இழுவை வீடு என்றே குறிப்பிடுவேன். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் பேசுவதால்தான் நம் வினாவுக்கு ஆளுக்கொரு விடை கிடைக்கிறது.

வினா இதுதான்: மோட்டார் வீடுகளின் செல்வாக்கு குறைந்து வருகிறதா? ஏற்றம் என்பார் சிலர், வீழ்ச்சி என்பார் சிலர். இரு சாராரும் பொய் சொல்லவில்லை என்பதே இதிலுள்ள வேடிக்கை.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1910-இலேயே பியர்ஸ்-ஆரோ என்னும் கார் நிறுவனம் உள்ளே படுக்கை வசதியுடன் கூடிய பயண வண்டி ஒன்றை நியூயார்க் கண்காட்சியில் வைத்தது. அது செல்வந்தர்க்கான பொருள். சாதாரணக் குடும்பத்துக்கு மோட்டார் வீடு எட்டியது 1966-க்குப் பின்னர்தான். அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டி என்ற சிற்றூரில் 1958-இல் தொடங்கப்பட்ட வின்னபாகோ நிறுவனம், அவ்வாண்டில் மோட்டார் வீடுகளைத் தொழிற்சாலை வரிசையில் வைத்து மலிவாகச் செய்யத் தலைப்பட்டது. பிறகு பெரிய நிறுவனங்களுக்கும் ஆசை வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1973-இல் முன்சக்கர இயக்கம் கொண்ட அழகிய மோட்டார் வீடு ஒன்றை இறக்கியது. தொடக்கத்தில் அதன் எஞ்சின் 7.5 லிட்டர் கொள்ளளவு கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின! இதைவிடப் பொருத்தமில்லாத வேளை வேறொன்று இருக்க முடியாது. 1978-உடன் அந்நிறுவனம் இத்தொழிலை விட்டு விலகியது. மறு ஆண்டே ஈரான் புரட்சியால் இரண்டாவது எண்ணெய் நெருக்கடி வந்தது. மோட்டார் வீட்டுக்குச் சாவு வந்துவிட்டது என்று அன்றே பலர் எழுதிவிட்டனர். அது சாகவில்லை.

இனி எண்களுக்கு வருவோம். அமெரிக்க உற்பத்தியாளர் சங்கத்தார் தொழிற்சாலையிலிருந்து விற்பனையாளர்களுக்கு அனுப்பப்படும் வண்டிகளைத் திங்கள்தோறும் எண்ணி வெளியிடுகிறார்கள். அக்கணக்கின்படி 2004-இல் சுமார் 71,700 மோட்டார் வீடுகள் அனுப்பப்பட்டன. 2009-இல் இந்த எண் சுமார் 13,200-ஆகச் சரிந்தது. 2017-இல் மீண்டும் 62,600 அளவுக்கு ஏறியது. கொரோனாக் காலத்தில் விமானமும் விடுதியும் அஞ்சத்தக்கவையாகிவிட, தம் வீட்டுடனேயே பயணம் செய்யும் ஆசை மக்களைப் பற்றிக்கொண்டது. 2022-இல் சுமார் 58,000 வண்டிகள் போயின. 2023-இல் சுமார் 46,000. 2024-இல் சுமார் 35,000.

இவ்வெண்களை வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். 2009-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டால் 2024-இல் விற்பனை இரண்டரை மடங்கு பெருகியிருக்கிறது. 2004-ஐ அடிப்படையாகக் கொண்டால் பாதிக்கும் கீழாகச் சரிந்திருக்கிறது. புள்ளியியல் துணைப்பாடத்தில் 'அடிப்படை ஆண்டு இயல்பான ஆண்டாக இருத்தல் வேண்டும்' என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்குகிறோமே, அந்த வரியின் பொருள் எனக்கு இப்போதுதான் விளங்கிற்று.

இயல்பான ஆண்டு எது என்று தேடுவதைவிட, அடிப்படை ஆண்டே தேவைப்படாத வேறோர் அளவையை நாடுவது நலம். ஒவ்வோர் ஆண்டும் அனுப்பப்பட்ட பயண வீடுகள் மொத்தத்தில், அதாவது இழுவை வீடுகளையும் சேர்த்து, மோட்டார் வீடு எத்தனை பங்கு? பொருளாதாரம் ஏறினாலும் இறங்கினாலும் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும். ஆகவே பங்கைப் பார்த்தால் காலத்தின் கோலம் ஓரளவு கழிந்துபோகும். 2004-இல் மொத்தம் சுமார் 3,70,100. மோட்டார் வீட்டின் பங்கு 19 விழுக்காடு. 2017-இல் மொத்தம் சுமார் 5,04,600. பங்கு 12 விழுக்காடு. 2021-இல் இத்தொழில் கண்ட உச்சம் 6,00,240. அந்தக் கொண்டாட்டத்திலும் மோட்டார் வீட்டின் பங்கு 9 விழுக்காட்டைச் சற்றே தாண்டியது. 2024-இல் மொத்தம் 3,33,733. பங்கு பத்து விழுக்காட்டையொட்டி நிற்கிறது.

ஐந்தில் ஒன்றாக இருந்தது இருபது ஆண்டுகளில் பத்தில் ஒன்றாகிவிட்டது. பயண வீட்டின் மீது அமெரிக்கர்க்கு உள்ள ஆசை குறைந்ததாகச் சொல்ல முடியாது. எஞ்சினோடு கூடிய வீட்டின் மீதான ஆசைதான் குறைந்திருக்கிறது. 2021-இல் எடுக்கப்பட்ட ஆய்வு, 2001-இல் 69 இலட்சமாக இருந்த பயண வீட்டுக் குடும்பங்கள் 112 இலட்சமாகப் பெருகின என்றது. (அலை உச்சியில் நின்று எடுத்த கணக்கு அது என்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும்.) அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: இவ்வண்டிகள் ஆண்டில் பயன்படும் நாட்களின் இடைநிலை அளவு இருபதுதான். மீதி 345 நாட்கள் வீடு சும்மா நிற்கிறது. சும்மா நிற்பதற்கு எஞ்சின் எதற்கு என்று மக்கள் கேட்டதில் வியப்பில்லை. அங்கே பிக்-அப் வண்டி ஏற்கெனவே பல குடும்பங்களில் வாசலில் நிற்கிறது. அதன் பின்னால் ஓர் இழுவை வீட்டைக் கட்டிக்கொண்டால் போதும். ஊர் சேர்ந்ததும் கழற்றி நிறுத்திவிட்டுக் கடைத்தெருவுக்குச் சென்று வரலாம். மோட்டார் வீட்டுக்காரரோ ரொட்டி வாங்கப் போவதென்றாலும் வீட்டையே கிளப்ப வேண்டும். எஞ்சின் பழுதானால் வீடே பட்டறைக்குப் போய்விடும்.

எரிபொருள் கதையை இயற்பியல் மாணவன் என்ற முறையில் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். நாம் படித்த சமன்பாடுதான்: காற்று தடுக்கும் விசை, காற்றின் அடர்த்தியில் பாதியை இழுவைக் கெழுவாலும் முகப்புப் பரப்பாலும் வேகத்தின் இருமடியாலும் பெருக்கக் கிடைப்பது. பெரிய மோட்டார் வீடு பேருந்து போன்றது. அகலம் ஏறத்தாழ 2.6 மீட்டர், முகப்புப் பரப்பு 8 சதுர மீட்டர் எனலாம். கெழு 0.6 என வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் தடை சுமார் 2,200 நியூட்டன். பரப்பு 2.2, கெழு 0.3 உள்ள சாதாரணக் காருக்கு அதே வேகத்தில் சுமார் 300 நியூட்டன். ஏழு மடங்கு! இதனோடு பத்து டன் எடையைத் தாங்கி உருளும் டயர்களின் தடை ஏறத்தாழ 800 நியூட்டனையும் கூட்டினால் மொத்தம் 3,000 நியூட்டன். நூறு கிலோமீட்டருக்கு வேலை 30 கோடி ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள 3.2 கோடி ஜூலில் கால் பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேரும் என்று கொண்டால், செலவு 37 லிட்டருக்கு மேல். அதாவது லிட்டருக்கு 2.7 கிலோமீட்டர். வேகத்தைச் சற்றுத் தணித்து ஓட்டுவோர்க்கு மூன்று அல்லது நான்கு கிடைக்கிறது. காகிதக் கணக்கு நடைமுறைக்கு இவ்வளவு அருகில் வந்தது எனக்கே மகிழ்ச்சியளித்தது.

இந்தக் கணக்கை என் தந்தையாரிடம் சொன்னேன். அவர் இருபத்தைந்து ஆண்டுகளாக லாரி ஓட்டுபவர். பள்ளியில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவராயினும், ஏற்றத்தில் எத்தனை, இறக்கத்தில் எத்தனை, எதிர்க்காற்றில் எத்தனை என்று டீசல் கணக்கை விரல் நுனியில் வைத்திருப்பவர். "மூணு, நாலுங்கறது லோடு ஏத்துன லாரி கொடுக்கிற மைலேஜுப்பா. லாரியாவது வாடகை கொண்டாந்து கொடுக்கும். இது என்னத்தைக் கொடுக்கும்?" என்றார். பிறகு, "நானுந்தான் லாரியிலேயே சமைச்சு, லாரியிலேயே படுத்து எந்திரிக்கிறேன். எனக்கு மவுசு இருக்கான்னு எவனாவது கணக்கெடுத்தானா?" என்று சிரித்தார். இக்கேள்விக்குப் புள்ளியியலில் இடமில்லை. ஆயினும் அவர் தொட்ட இடம் சரியான இடமே. மோட்டார் வீட்டுக்கு வருமானம் கிடையாது. அதனை வாங்குவோர் மிச்சப் பணத்திலோ கடனிலோதான் வாங்குகிறார்கள்.

கடன் என்றதும் வட்டி வருகிறது. அங்கே இவ்வண்டிகளுக்குப் பதினைந்து, இருபது ஆண்டுத் தவணைகூட உண்டு. ஓர் எடுத்துக்காட்டு: 1,50,000 டாலர் கடனைப் பதினைந்து ஆண்டுகளில் தீர்ப்பதாயின், 5 விழுக்காடு வட்டிக்கு மாதத் தவணை சுமார் 1,186 டாலர். வட்டி 9 ஆனால் 1,521 டாலர். வண்டியின் விலை ஒரு காசுகூட ஏறாமலே தவணை மட்டும் 28 விழுக்காடு ஏறிவிடுகிறது. 2022 மார்ச்சில் ஏறக்குறைய சுழியில் இருந்த அமெரிக்க மைய வங்கியின் வட்டிவீதம் 2023 சூலையில் 5.25-க்கும் 5.50-க்கும் இடைப்பட்ட அளவுக்கு உயர்த்தப்பட்டது. இடையே 2022 சூனில் பெட்ரோல் சராசரி விலை காலன் ஒன்றுக்கு 5 டாலரைத் தாண்டியது. 2021-இல் ஆறு இலட்சமாக இருந்த மொத்த அனுப்புகை 2023-இல் 3,13,000 அளவுக்கு விழுந்ததற்கு வேறு மந்திரம் ஒன்றும் தேவையில்லை.

இதுவரை சொன்னதைக் கொண்டு, பெட்ரோல் விலையும் வட்டியும் மோட்டார் வீட்டைக் கொல்கின்றன என்று முடிவு கட்டினால் ஜெர்மனி குறுக்கே வந்து நிற்கிறது. அங்கே எரிபொருள் அமெரிக்காவைவிட எப்போதுமே விலை அதிகம். வட்டி அங்கேயும் ஏறிற்று. ஆனால் 2019-இல் புதிதாகப் பதிவான மோட்டார் வீடுகள் சுமார் 54,000, 2020-இல் 78,000, 2021-இல் 81,000. 2022-இல் 66,000 அளவுக்கு இறங்கி, 2023-இல் 68,000-ஆகவும் 2024-இல் 75,000-ஐ ஒட்டியும் மீண்டும் ஏறின. ஜெர்மனியின் மக்கள்தொகை எட்டரைக் கோடிக்கும் குறைவு. அமெரிக்காவில் முப்பத்து நான்கு கோடி. நான்கில் ஒரு பங்கு மக்கள் உள்ள நாடு இரண்டு மடங்கு மோட்டார் வீடுகளை வாங்குகிறது! ஒன்று சாலைப் பதிவுக் கணக்கு, மற்றது தொழிற்சாலை அனுப்புகைக் கணக்கு; இரண்டையும் அப்படியே எடை போடக் கூடாதுதான். ஆனாலும் இத்துணைப் பெரிய வேற்றுமையை அது விளக்கிவிடாது.

விளக்கம் வண்டியின் அளவில் இருக்கிறது. ஜெர்மானியர் வாங்குபவற்றில் பெரும்பகுதி, ஃபியட் டுகாட்டோ போன்ற சரக்கு வேனின் அடிச்சட்டத்தின் மீது செய்யப்பட்டவை. 3.5 டன்னுக்கு உட்பட்ட வண்டியைச் சாதாரணக் கார் உரிமத்தை வைத்துக்கொண்டே ஓட்டலாம். அகலம் இரண்டு மீட்டர். பழைய ஊர்ச் சந்துகளிலும் நுழையும். மேற்கண்ட சமன்பாட்டிலேயே பரப்பை 4.7 சதுர மீட்டராகவும் கெழுவை 0.35 ஆகவும் போட்டுப் பார்த்தேன். டயர்த் தடையையும் சேர்த்து 1,100 நியூட்டனுக்குள் அடங்கிவிடுகிறது. டீசல் எஞ்சினில் லிட்டருக்குப் பத்துப் பதினொரு கிலோமீட்டர். பெரிய வண்டியைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அமெரிக்காவிலும் இதே வகை வேன் வீடுகள்தாம் அண்மைக் காலத்தில் வேகமாகப் பெருகி, 2021, 2022 ஆண்டுகளில் பத்தாயிரத்தைத் தாண்டி விற்றன. ஆகவே என் விடையை இப்படித்தான் சொல்வேன்: மோட்டார் வீட்டுக்கு மவுசு குறையவில்லை, பேருந்து அளவிலான மோட்டார் வீட்டுக்குத்தான் குறைந்திருக்கிறது. அதுவும் இன்றோ நேற்றோ அல்ல, இருபது ஆண்டுகளாக.

மின்சாரம் வந்து பெரிய வண்டியைக் காப்பாற்றும் என்று நம்புவோரும் உண்டு. நூறு கிலோமீட்டருக்கு 30 கோடி ஜூல் என்பது 83 கிலோவாட்-மணி. ஒரே மூச்சில் 400 கிலோமீட்டர் போக வேண்டுமானால் 330 கிலோவாட்-மணி மின்கலம் தேவை. சாதாரண மின்காரில் இருப்பதைப் போல நான்கைந்து மடங்கு. வின்னபாகோ 2023-இல் முன்மாதிரியாகக் காட்டிய மின்சார வேன் வீட்டில் இருந்தது 68 கிலோவாட்-மணி. ஒரு முறை மின்னேற்றினால் 108 மைல், அதாவது 174 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். சிறிய வேனுக்கே இந்நிலை. இதில் பெரிய வண்டிக்கு ஆறுதல் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

இவ்வளவும் வாங்குவோர் பக்கம். செய்வோர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் பயண வீடுகளில் பத்தில் எட்டு, இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் என்ற ஊரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் செய்யப்படுகின்றன. நம் சிவகாசியைப் போல ஒரே தொழிலை நம்பிய ஊர். மக்கள் வேலைக்கு அஞ்சத் தொடங்கியவுடன் முதலில் தள்ளிப்போடுவது இத்தகைய செலவைத்தான். எனவே நாட்டுக்கு வரப்போகும் மந்தத்தை இவ்வூர் முன்கூட்டியே அறிந்துவிடும். பொருளாதார வல்லுநர்கள் இவ்வண்டிகளின் அனுப்புகைக் கணக்கை வெப்பமானி போல வைத்துப் பார்ப்பது இதனால்தான். வெப்பமானிக்கு வலிக்காது, எல்கார்ட்டுக்கு வலித்தது. 2009 மார்ச்சில் அங்கு வேலையற்றோர் 20 விழுக்காட்டை நெருங்கினர். உழைப்போரில் ஐவர்க்கு ஒருவர்! அதே மாதத்தில் ஃப்ளீட்வுட், மொனாக்கோ என்ற இரு பெரிய மோட்டார் வீட்டு நிறுவனங்கள் திவால் மனுக் கொடுத்தன. பதவியேற்று மூன்று வாரங்கள் ஆன குடியரசுத் தலைவர் ஒபாமா, பிப்ரவரியில் அவ்வூருக்கே நேரில் சென்று பேசினார். பிறகு தொழில் மீண்டது. ஆனால் மீண்டு வந்தபோது ஊர் செய்த வண்டிகளில் மோட்டார் வீட்டின் பங்கு சுருங்கியிருந்தது. இழுவை வீட்டுக்கு எஞ்சின் பொருத்த வேண்டியதில்லை, கம்பிச் சுற்றும் குறைவு. மர வேலையும் தகரமும்தான் மிகுதி. கணக்கில் 'பங்கு' என்று நாம் ஒரு வரியில் எழுதிவிடுவது அங்கே தொழிலாளியின் கைத்தொழில் மாறுவதாக இருக்கிறது.

இன்னொரு சாராரும் இருக்கிறார்கள். மோட்டார் வீட்டை விடுமுறைக்காக அல்லாமல், வாடகை கொடுக்க முடியாததால் வீடாகக் கொண்டவர்கள். இவர்களில் முதியோர் பலர். ஊர் ஊராகச் சென்று பருவகால வேலை செய்கிறார்கள். ஜெசிகா புரூடர் 2017-இல் எழுதிய 'நோமட்லேண்ட்' நூலும், அதனைத் தழுவி வந்து 2021-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசு பெற்ற திரைப்படமும் இவர்களைப் பற்றியவையே. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தெருவோரங்களில் மக்கள் குடியிருக்கும் பழைய மோட்டார் வீடுகளும் பயண வீடுகளும் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. டயர் தேய்ந்து, எஞ்சின் நின்று, ஓடவே முடியாத வண்டிகளும் அவற்றில் உண்டு. இவ்வண்டிகளுக்குத் தேவை குறையவில்லை, கூடியிருக்கிறது. ஆனால் பழைய வண்டி ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறுவது தொழிற்சாலையின் அனுப்புகைக் கணக்கில் ஏறாது. ஆகையால் 35,000 என்ற அந்த எண்ணில் இவர்களில் ஒருவரும் இல்லை.